பாவிக்கிற விதம்

கவரைக் கழற்றினதும் கறுப்புத் தூள் கொட்டியது.
பெல்ட்டின் தூள்.
விரல் ரேகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டால்
மண்ணெண்ணெய்க்கும் எழும்பாது.
மீற்றரில் ஆறாயிரத்து நானூறு.
பழைய மொடல் இதே கிறவல் றோட்டில்
இருபதாயிரம் ஓடிவிட்டுத்தான்
முதல் இருமல் இருமும்.

வதனரூபி மிஸ் ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்றார்.
மாங்குளத்திலிருந்து அம்பகாமம் வரை
தராசு, தடுப்பூசிப் பெட்டி,
பிள்ளைத்தாய்ச்சிகளின் பதிவேடு
எல்லாம் இந்த ஸ்கூட்டரில்தான் போகவேண்டும்.
"நேற்று வளைவில ஆனை நிண்டது.
திருப்பிக்கொண்டு முறுக்கினன்.
சத்தம் போகுது, வண்டி போகேல்லை."
பிறகு?
"ஆனை போட்டுது.
நான்தான் அங்கயே நிண்டனான்."

உள்ளே ஆறு றோலர்.
உருண்டையாயிருக்க வேண்டியவை
ஒரு பக்கம் சப்பையாகி
மேசையில் உருட்டினால்
இரண்டு சுற்றில் குந்திவிட்டன.
கிளச் கட்டைகள்
கண்ணாடி மாதிரி மினுங்கின.
மினுங்கினால் பிடிக்காது.

வவுனியா ஷோறூமுக்கு அடித்தேன்.
"அண்ணை, அது பாவிக்கிற விதம்" என்றான் பொடியன்.
மிஸ் போனை வாங்கினார்.
"தம்பி, நான் பாவிக்கிற விதம் சொல்லட்டே?
விடிய மூண்டு மணிக்குக் கோல் வரும்.
மழை எண்டாலும் வரும்.
லீசிங்காரன்ர கோலும் வரும்,
அதுக்கு இன்னும் இருபத்தேழு மாசம் கிடக்கு."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, பெல்ட் கப்பலில் வருகிறது என்றான்.

இரவு பத்தேகாலுக்கு நகுலேசின் குரல் வந்தது.
அவனுக்கு அங்கே பகல்.
கனடாவின் வடக்கில்,
உறைந்த ஏரியைக் கடந்து
மின்கம்பி பார்க்கப் போகிறவன்.
புதிதாய் எடுத்த ஸ்னோமொபில்,
சும்மா நிற்கும்போதே
தானாய் ஊர்ந்து போகுதாம்.
"முப்பத்தாறு பாகை கீழ, அண்ணா.
கிளச் விடமாட்டன் எண்டுது.
இந்தச் சத்தத்தை ஒருக்காக் கேள்."

நான் ஐஸைப் பார்த்தது
முல்லைத்தீவு மீன் பெட்டியில் மட்டும்.
கஜரூபனைக் கொம்பிரசரை நிற்பாட்டச் சொல்லிவிட்டு
போனைக் காதோடு அழுத்தினேன்.
முதல் தரம் காற்றுத்தான் கேட்டது.
இரண்டாம் தரம் நாய் ஒன்று குரைத்தது.
மூன்றாம் தரம்,
எஞ்சின் இரைச்சலுக்கு அடியில்
டக் டக் என்று ஒன்று.
அட, உன்னை இண்டைக்குப் பின்னேரம்தானே கழற்றினனான்.

"கவரைத் திறந்து பார்" என்று அனுப்பினேன்.
படம் வந்தது.
பனியின் மேல் கறுப்புத் தூள்,
பக்கத்தில் அவனுடைய கையுறை.
வித்தவனிடம் கேட்டானாம்.
அந்த ஊர்ப் பாஷையில்
அவனும் அதைத்தான் சொன்னானாம்.
பாவிக்கிற விதம்.

இருவரும் சிரித்தோம்.
சிரித்து முடிந்த பிறகு
அவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று கேட்டேன்.
வீட்டிலிருந்து நாற்பத்தொரு கிலோமீற்றர்.
வேறு வண்டி இல்லை.
பெல்ட்டைத் துடைத்துப் போடு,
ஓடவிட்டு நிற்பாட்டாதே,
ஏரியின் நடுவால் வராதே,
கரையைப் பிடித்து வா.
ஒரு சரி மட்டும் விழுந்தது.
மற்றச் சரி விழ
இரண்டு மணி நேரம் எடுத்தது.
அதுவரைக்கும்
மிஸ்ஸின் கிளச் கட்டைகளை
அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
ஒருமுறை தேய்த்தால் போதும்.
நாலு முறை தேய்த்தேன்.

பழைய மொடல் ஒன்று
ஒட்டுசுட்டானில் மாட்டோடு மோதி
கராச்சின் பின்னால் கிடக்கிறது.
அதன் றோலர் ஆறையும் புதியதுக்குள் போட்டேன்.
"இது வைத்தியம் இல்லை மிஸ், தவணை" என்றேன்.
தவணை அவருக்குப் புதிதில்லை.
காலையில் எடுத்தபோது
வழுக்கியது, வழுக்கியது, பிறகு பிடித்தது.
றெயில்வே கேற் தாண்டும்வரை
சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சப்பை றோலர்கள்
ஜாம் போத்தலுக்குள் இருக்கின்றன.
ஷோறூம் பொடியன் இந்தப் பக்கம் வந்தால்
தேத்தண்ணி கொடுத்து
மேசையில் ஒன்றை உருட்டச் சொல்வேன்.