இருபது கிலோவுக்குக் கீழே

எடைமேடைச் சன்னலில்
பாடாங் செராய் சாலை பாதி தெரியும்.
செம்பனைக் குலையோடு லாரி ஏறி நிற்கும்; எழுதுவேன்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்; எழுதுவேன்.
முதலாவதில் இரண்டாவது போக
மிச்சம் பழம்.
பதினோரு வருடமாய் எனக்குக்
கழித்தல்தான் உத்தியோகம்.

போன தைப்பூசத்திலிருந்து
சம்பளத்துக்கு மறுநாள்
நூறு வெள்ளியைத் தனியே கழிக்கிறேன்.
குணாளனிடம் சொன்னேன்: பங்கு வாங்கப் போகிறேன்.
"நாலு நம்பரா? புதன்கிழமைக் குலுக்கலா?"
குலுக்கல் கிடையாது என்றேன்.
"அப்புறம் எப்போதான் அடிக்கும்?"
ரசத்தை ஊற்றிவிட்டு
அடுப்பைப் பார்க்கப் போனேன்.

முதல் மாதம் அவசரம்.
தொண்ணூறு வெள்ளிக்கு நூறு பங்கு,
அதற்குக் கட்டணம் எட்டு வெள்ளி.
வடை வாங்க வாடகைக் கார் பிடித்தவள் நான்.
அப்புறம் மூன்று மாதம் சேர்த்து
ஒரே தடவையில் வாங்கப் பழகினேன்.
மழைக்கு லாரி வராத பிற்பகல்களில்
கைப்பேசியைத் தடவித் தடவி
நானே கண்டுகொண்டது.

கூட்டு கட்டிய நாளில்
பவளக்கொடி வீட்டு ஹாலில் பதினைந்து பேர்,
நடுவில் ஒரு தட்டு முறுக்கு.
இந்த மாசம் யாருக்கு அவசரம் என்று
உட்காரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.
இங்கே பச்சை எண், சிவப்பு எண்.
எனக்கு விற்றவர் யார்,
பிள்ளையின் பள்ளிக் கட்டணமா, ஆஸ்பத்திரியா,
வெறும் பயமா?
யாருடைய அவசரத்தை
நான் மலிவாய் வாங்கி வைத்திருக்கிறேன்?

வாங்கியது இந்த ஆலைக் கம்பெனியைத்தான்.
மேனேஜருக்குத் தெரியாது.
மார்ச்சில் கடிதம் வந்தது:
"மதிப்பிற்குரிய பங்குதாரரே."
அதற்கு முந்தின வாரம்
அதே கம்பெனி எழுதியது:
"மூன்று நாள் தாமதத்துக்கு விளக்கம் தருக."
இரண்டையும் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டேன்.
சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

ஆகஸ்டில் தொண்ணூறு எழுபத்தொன்றாய்ச் சரிந்தது.
தூக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
காலையில் வந்தால்
அதே லாரி வரிசை, அதே செங்காய் நிறம்,
அதே எண்ணெய் வாடை.
இங்கே எதுவும் விழவில்லையே,
அங்கே விழுந்தது என்ன?
விற்கும் பொத்தான் மேல் விரல் போய் நின்றது.
ரோஸ்லி ஹாரனை அழுத்தினான், ரசீது வேண்டுமாம்.
அச்சடித்து, கையெழுத்திட்டு,
அவன் மனைவிக்குப் பிரசவம் எப்போது என்று கேட்டு
திரும்பி வருவதற்குள்
சந்தை மூடிவிட்டது.
இதைப் பொறுமை என்று யாராவது சொன்னால்
சிரித்து வைப்பேன்.

அந்த வாரமே சேர்த்து வைத்த முந்நூறைப் போட்டேன்.
நூறு பங்கு கூடுதலாய் வந்தது.
விலை இறங்கிய நாளில் வாங்கும் மீன் மாதிரி
கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் மூக்கருகே வைத்து
முகர்ந்து பார்க்கிற சந்தேகம்.

அக்டோபரில் லாப ஈவு:
பன்னிரண்டு வெள்ளி, சுழியம் சுழியம் காசு.
குணாளன் திரையை உற்றுப் பார்த்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
சனிக்கிழமை அவர் சட்டைப் பையில்
சீட்டு: ஆயிரத்து இருநூறு.
அடிக்கவில்லை.
துவைக்கும்போது எடுத்து
அதையும் டின்னில் போட்டேன்.

நேற்று கடைசி லாரி போன பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு
எடைமேடையில் ஏறி நின்றேன்.
அதற்கு இருபது இருபதாய்த்தான் கண் தெரியும்.
கிளினிக்கில் நான் நாற்பத்தெட்டு.
இது நாற்பது என்றது.
நடுவில் போய் நின்றேன், ஓரத்தில் நின்றேன்,
ஒரு தடவை குதித்தும் பார்த்தேன்.
நாற்பது.
அந்த எட்டு கிலோவும்
இரும்பின் மேல் வெறுங்காலோடு
சூடு பொறுத்து நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு லாரி வளைவில் திரும்பியது.
கைகாட்டி நிறுத்திவிட்டுச்
செருப்பைத் தேடினேன்.