லீவு

மாமாங்கத்தில் மதியம் இரண்டு.
ஒசாகாவில் ஐந்தரைக்கே
ராத்திரிக் கஞ்சி ஊட்டுகிறாள் மோகனப்பிரியா,
போனைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்துவைத்து.

பெரியவருக்குத் தொண்ணூற்றேழு.
அவருக்கு ஓர் அக்கா இருக்கிறாராம்.
அக்காவா, என்றேன்.

திரைக்குள் கண்ணைச் சுருக்கி
என் முதுகுக்குப் பின்னால்
பொட்டு வைத்த உன் படத்தைப் பார்த்து
என்னவோ கேட்டார்.
‘அப்பா வயசு கேக்கறாரும்மா.’

ஐம்பத்து மூணு.
அதில் இருபத்தாறு வெள்ளைக்கல் குவாரியில்.
அதையும் சொன்னாளோ என்னவோ,
அந்த பாஷை எனக்குத் தெரியாது.

சின்னப் பையன்தானே என்றாராம்.
நடக்கத் தெம்பிருக்கும்போதே
பூப்பூக்கும் மாசத்தில் ஒருநடை
வந்துபோகச் சொல் என்றாராம்.

இவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
கஞ்சி ஆறுகிறது.

நான்தான் சொன்னேன்:
லீவு கெடைக்கலையாம்னு சொல்லுடி.