எண்பது அடி

நாலு நாளாய்க் குழாயில் காற்றுதான் வருகிறது.
வாளிகளை வரிசையாய் வைத்துவிட்டு
தண்ணீர் எப்போது என்று
கைப்பேசியைக் கேட்டேன்.

இடுப்பைக் குறைக்கும் தேயிலை வந்தது.
அதை மூடும் பெருக்கல் குறி எள்ளளவு.
விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டதும்
அடையாள அட்டை எண் கேட்டுக்கொண்டு
ஒரு கடன் வந்தது.
ஐந்து நொடி பொறு என்றது.
பொறுத்தேன்.
அதற்கும் அடியில், ஒருவழியாய், எங்கள் ஊர்ப் பெயர்:

சுங்கை கெலாமில் கண்டு மகிழ
பத்து இடங்கள்.

பத்தா?
ஆ செங் சாமான் கடை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில்,
லோரிகளுக்கு டயர் ஒட்டுகிற கொட்டகை.
அதற்கு மேல் எண்ண எனக்கு வரவில்லை.
அதற்கு வந்தது.
முதலிடத்தில்
எண்பது அடி அருவி,
மில்லுக்குப் பின்னால்.
படமும் உண்டு.
அருவியின் இருபுறமும் செம்பனை,
செம்பனையில் குலை குலையாய்த் தேங்காய்.

மில்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று
பதினோரு வருஷமாய் அங்கே ஜாகா வேலை பார்க்கிற
எனக்குத் தெரியாதா?
பழம் பிழிந்த கழிவு
குமிழி விட்டு ஆறுகிற குட்டை.
உடும்புகூட சுற்றிக்கொண்டு போகும்.

சனிக்கிழமை வந்தார்கள்.
பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு வெள்ளை மைவி.
மிதவை வளையத்தை வீட்டிலேயே ஊதி
இடுப்பில் மாட்டிக்கொண்டு
இறங்கிய பிள்ளை கேட்டது,
"அங்கிள், அருவிக்கு டிக்கெட் எவ்வளவு?"

இல்லை என்றேன்.
"போட்டிருக்கே" என்று
அப்பா கைப்பேசியை நீட்டினார்.
காலர் கிழிந்த காக்கியில் நான்.
அது பளபளவென்று.
அவர் சந்தேகப்பட்டது என்னை.

அடுத்த வாரம் ஏழு கார்.
சிம்பாங்கில் பரிமளம் செண்டோல் கடை போட்டாள்.
"இல்லேன்னு அடிச்சுச் சொல்லாதீங்கண்ணே,
கொஞ்சம் தள்ளி இருக்குன்னு சொல்லுங்க."
அவள் வீட்டுக் குழாயிலும் காற்றுதான்.
பாத்திரம் கழுவ
புட்டித் தண்ணீர் வாங்கியிருந்தாள்.

சிரிக்கிற விஷயமாய்த்தான் எனக்கும் இருந்தது,
கொதிகலன் பக்கம் வேலை செய்யும் ரஃபீக்
சாப்பாட்டு நேரத்தில் வந்து
ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் வரை.
ஊருக்குப் பணம் அனுப்ப வழி தேடியிருக்கிறான்.
முதலில் வந்ததைத் தொட்டிருக்கிறான்.
வங்கியின் பெயரேதான்,
ஓர் எழுத்து மட்டும் கூட.
மூன்று மாதச் சம்பளம்.
"நல்ல வங்காளத்தில் பேசியது, அண்ணே.
என் அம்மாவின் உடம்புக்குக்கூட
விசாரித்தது."

அன்றைக்குத்தான் பலகை எழுதினேன்.
வேலிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புச் சாயம்,
பழைய பெட்டியின் மூடி.
இங்கே அருவி இல்லை.
மலாயிலும் ஒரு வரி.
வாசலில் கம்பி போட்டுக் கட்டினேன்.

வந்தவர்கள் பலகையின் பக்கத்தில் நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று ராத்திரி வேலை முடிந்து வந்து
தண்ணீர் எப்போது என்று
மறுபடி கேட்டேன்.
தேயிலை. கடன். ஐந்து நொடி.
பிறகு என் பலகை.
என் கோணல் எழுத்தேதான், 'இல்லை' உட்பட.
கீழே எழுதியிருந்தது:
அருவியின் நுழைவாயில்.
காலை எட்டு முதல் மாலை ஆறு வரை.
இனிமையான காவலர் ஒருவர்
வழி காட்டுவார்.

இனிமையான.
என் பெண்சாதிக்கு வாசித்துக் காட்டினேன்.
திரும்பிப் படுத்துவிட்டாள்.

விடியக்காலை மூன்றரைக்குக் குழாய் இருமியது.
யாரும் அறிவிக்கவில்லை.
இரண்டு முறை துப்பி,
துருவின் நிறத்தில் கொஞ்சம் இழுத்து,
பிறகு வாளிக்குள் விழத் தொடங்கியது.

எண்பது அடி இல்லை.
ஒரு முழம் இருக்கும்.
நிறைந்த வாளியை நகர்த்தி
அடுத்ததை வைத்தேன்.