தொட்டுப் பார்க்கலாம்

கள்ளிப்பதிப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி ஓடு மேய்ந்தார்கள்.
சுவரைச் சுரண்டியபோது
கரும்பலகைக்கு அடியில் இன்னொரு கரும்பலகை.
மேலே இருந்தது மலையாளம்.
அடியில் தமிழ்; விடை போடாத ஒரு கழித்தல் கணக்கு.
அப்படியே விட்டுவிடச் சொன்னார் ஜோஸ் சார்.

இப்போது அது பள்ளிக்கூடம் இல்லை, மையம்.
சாவி என்னிடம்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள்.
வாசலில் இரண்டு மொழியிலும் பலகை:
இங்கே எல்லாவற்றையும் தொடலாம்.

தொடுகிறார்கள்.
பனையிலிருந்து விழுந்த தூக்கணாங்குருவிக் கூட்டுக்குள்
முழங்கை வரைக்கும் விடுகிறார்கள்.
கூகை கக்கிய உருண்டையை இடுக்கியால் பிரித்து
எலியின் தாடையை எடுத்துத்
தங்கள் பல்லோடு வைத்துப் பார்க்கிறார்கள்.
மணல் மேடையில் கோரையாற்றை ஊற்றுகிறார்கள்;
அது ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போகிறது.
இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஒட்டிய சிவப்பு நூல்
பிய்ந்து மிதக்கிறது.

பழைய வருகைப் பதிவேடும் உண்டு.
மூன்றாம் வகுப்பு, வரிசை எண் பதினேழு,
பழனாத்தாள்.
ஆடி வரைக்கும் டிக், பிறகு ஒரு நீளக் கோடு.
அது நான்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை.
விரல் வைத்து வாசிக்கிற பிள்ளைகள்
என் மேலேயும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மூலையில் பானை.
'குடிநீர்ப் பானை, அக்கால மாதிரி' என்று அட்டை.
எங்கள் தெருப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கை கூட்டி நிற்போம்.
பண்ணைக்காரர் வீட்டுப் பையன் டம்ளரை உயர்த்தி ஊற்றுவான்.
பாதி, முழங்கை வழியாகப் பாவாடைக்குப் போகும்.
அட்டையில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

அந்தப் பானை எப்போதோ உடைந்துவிட்டது.
இது புதுசு. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இருநூற்றைம்பது ரூபாய்.
மண்வாடை போக மூன்று நாள் தண்ணீர் விட்டுப் பழக்கச் சொல்லி
என்னிடமே கொடுத்தனுப்பினார் சார்.

மூன்று நாளும் எங்கள் வீட்டில் இருந்தது.
மருமகள் மோந்து குடித்தாள்.
பேரன் விளிம்பில் வாய் வைத்தே குடித்தான், அடிக்கவில்லை.
நான் ராத்திரி எழுந்து எழுந்து
தாகமே இல்லாமல் குடித்தேன்.
நாலாம் நாள் துடைத்துத்
தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினேன்.

நேற்று வெள்ளைவேட்டிக்காரர் ஒருத்தர்,
காரில் வந்தவர்,
இரண்டு டம்ளர் குடித்துவிட்டு
என்ன இப்படிக் குளிருகிறது என்றார்.

பழகின பானைங்க, என்றேன்.