சிவப்புக் கோடு

ஒட்டியம்பாக்கம் தாண்டி
என் முக்கால் ஏக்கருக்குப் போக
ஓர் ஓடையைக் கடக்க வேண்டும்.
பத்து மாதம் அது ஓடை இல்லை,
ஆடு மேயும் பள்ளம்.
புலப்படத்தில் மட்டும் வருடம் முழுக்க ஓடும்,
இரண்டு மெல்லிய கோடுகளாக,
நடுவில் ஓர் எண்.

அந்த எண் என் பட்டாவில் இல்லை.
கிராம நிர்வாக அலுவலர் சொன்னார்:
"தண்ணியை மறிக்காதீங்க.
மத்தபடி நான் இந்தப் பக்கம் வரல."

குரோட்டன்ஸ், அரளி, நந்தியாவட்டை,
நாவலூர் அடுக்குமாடிகளின் வாசலுக்குப் போகிற
பாக்குச் செடிகள்
எல்லாம் அக்கரையில்.
டாடா ஏஸ் இக்கரையில்.
நடுவே மோகனவல்லியும் நானும்
கைக்கு ஒரு தொட்டியாக
ஒரு வருடம்.

பிறகு குழாய் வாங்கினேன்.
பெரும்பாக்கத்தில் வேலை முடிந்த இடத்தில் மீந்தது,
இரண்டடி விட்டம், மூன்று துண்டு.
ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது,
அதற்கு முந்நூறு குறைத்தார்கள்.
டில்லிபாபு ஜேசிபியில் கோத்துத் தூக்கினான்,
தூங்கும் பன்றியைத் தூக்குவதுபோல.
மணிக்கு ஆயிரத்து இருநூறு,
டீ குடிக்கும் நேரமும் சேர்த்து.
மேலே மண். மண்மேல் ஜல்லி.
"லாரியே போவும் சார்."
அது ஆடி மாதம்.
ஓடையை ஒரு வார்த்தை கேட்கலாமென்றால்
ஓடை ஊரில் இல்லை.

கார்த்திகையில் வந்தது.
தனியாக வரவில்லை.
ஆகாயத்தாமரை, தெர்மாகோல், ஒரு மெத்தை,
யார் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவோ,
முட்டை வைக்கும் குழிகளோடு.
மெத்தை நேராகப் போய்
குழாயின் வாயில் படுத்துக்கொண்டது.
தண்ணீர் நின்றது. ஏறியது.
இடது பக்கம் மண்ணைத் தின்றது.
பிறகு வலது.

காலையில் பார்த்தால்
மூன்று குழாயும் வைத்த இடத்தில்,
நூல் பிடித்தாற்போல்.
மேலே ஜல்லிகூடக் கலையவில்லை.
பாலம் இருந்தது.
பாலத்துக்குப் போகத்தான்
இரண்டு பக்கமும் வழி இல்லை.
மோகனவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
மேல்பக்கத்து நாகபூஷணம் சிரிக்கவில்லை.
அவருடைய கீரைப் பாத்தியில் முழங்கால் தண்ணீர்.
மெத்தை என்னுடையதில்லை என்றேன்.
"குழாய் யாருது?" என்றார்.

தை பிறந்ததும் பிடுங்கினோம்.
இந்த முறை எழுப்பவில்லை, இறங்கினோம்.
இரண்டு கரையையும் சாய்வாக வெட்டி
ஓடையின் தரைமட்டத்திலேயே
பத்தடி அகலத்துக்குக் கான்கிரீட்,
அரித்துக்கொண்டு போகாமலிருக்க
இரு ஓரமும் மூன்றடி ஆழத்துக்குச் சுவர்.
தண்ணீர் விழுகிற பக்கம்
மேடவாக்கத்தில் இடித்த வீட்டுக் கல்,
சிலவற்றில் இன்னும் நீலப் பெயின்ட்,
ஒன்றில் சாமி படம் மாட்டிய ஆணி.
இதைப் பாலம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.
பாதை ஓர் இடத்தில் குனிகிறது,
அவ்வளவுதான்.
செலவு மட்டும் குனியவில்லை.

நாகபூஷணம் ஒரு சவுக்குக் கம்பம் கொண்டுவந்து
ஓரத்தில் நட்டார், யாரும் கேட்காமல்.
முக்கால் அடி உயரத்தில் சிவப்புக் கோடு.
கோடு தெரிந்தால் வண்டி போகலாம்.

இன்று தெரியவில்லை.
நாற்பது தொட்டி ஏற்றிய ஏஸ்
அக்கரைச் சாய்வில் நிற்கிறது,
வைப்பர் இடமும் வலமுமாக
வேண்டாம் வேண்டாம் என்கிறது.
நாவலூரிலிருந்து மூன்றாவது போன்.
"வண்டி கெளம்பிடுச்சா?"
கிளம்பிவிட்டது, ஓடை வரைக்கும்.
"எப்ப வரும்?"

சாய்வின் ஓரம், நேற்றைய டயர்த் தடத்தில்
தேங்கிய நாலு விரல் தண்ணீரில்
ஒரு கெளுத்தி,
மீசையால் வழி துழாவி
ஆழத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

முதலில் அது போகட்டும் என்றேன்.

"யாரு?" என்றது நாவலூர்.