கசிவு

இருபது வருடமாக
தார்த்து நகரத்து நிலவறைகளில்
கொதிகலன் பழுது பார்க்கிறேன்.
வால்வு ஒழுகினால் எனக்குச் சத்தத்திலேயே தெரியும்:
இருட்டில் பூனை பால் நக்குகிற சத்தம்.

நேற்று அதே சத்தம்
டாக்டர் லீவியின் ஸ்கேன் அறையில்.
திரையில் நீலமாகப் போனது
சிவப்பாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.
"உங்களுடையதுதான்" என்றார்.

நான்கு வயதில் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.
அதற்கு முன்பு எடுத்தது ஒரே ஒரு புகைப்படம்.
உதடு மைக்கறை நிறம்.
ஸ்டுடியோக்காரர் மெல்லிய தூரிகையால்
சிவப்பு தீட்டிக் கொடுத்தார்,
காசு கூடுதலாக வாங்கவில்லை.

"எந்த்லாவுக்குச் சரியாகிவிட்டது" என்றார் அப்பா.
அதற்குமேல் வீட்டில் பேச்சில்லை.
வெளியே சொல்லாதே, வேலை தரமாட்டார்கள்.
கழுத்து மூடிய சட்டைகளாகவே வாங்கினார்.
பதினெட்டில் குழந்தைகள் பிரிவு கைகுலுக்கி அனுப்பியது;
பெரியவர்கள் பிரிவில் யாரும் காத்திருக்கவில்லை.
நானும் தேடிப் போகவில்லை.
ஊகு பிறந்தபோது மருத்துவச்சி தழும்பைக் காட்டி
என்ன இது என்றாள்.
பழைய கதை என்றேன்.
எனக்கு வலி, அவளுக்கு அவசரம்.

இந்த டிசம்பரில்
அன்னெலின் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை.
மூன்றாவது மாடியில் கருவிப்பெட்டியை இறக்கிவைத்தேன்.
வயதாகிறது என்று சொல்லிக்கொண்டேன்.
நாற்பத்தொன்று.
ஐந்தாவது மாடியில்
காற்று புகுந்த பம்பு போல நெஞ்சு தடதடத்தது,
படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அன்று அடைப்பைத் திறந்தார்கள்" என்றார் லீவி.
"திறந்த கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
முப்பத்தேழு வருடமாக வலது அறை
திரும்பி வந்ததையும் சேர்த்து இறைத்து இறைத்துப்
பெருத்துவிட்டது.
புது வால்வு வைக்கலாம், தொடை ரத்தக்குழாய் வழியாக."

எத்தனை வருட உத்தரவாதம் என்றேன். தொழில் புத்தி.
"பத்து, பதினைந்து. உறுதி சொல்ல முடியாது.
வருடம் தவறாமல் வந்து காட்டவேண்டும்."

சிரிப்பு வந்துவிட்டது.
என் ஒவ்வொரு ரசீதின் அடியிலும் அச்சடித்த வரி அது.
ஒருவரும் கூப்பிடுவதில்லை.
தை மாதக் குளிரில் குழாய் வெடித்த பிறகு கத்துவார்கள்,
சரியாகிவிட்டது என்றாயே!
ஓடுகிறது என்றுதானே சொன்னேன்.

வெளியே எமாயொகி ஆறு பாதி உறைந்து கிடந்தது.
பாலத்தில் கையுறையைக் கழற்றி நகங்களைப் பார்த்தேன்.
கிரீஸ். அதற்கடியில், வெளிச்சம் போதவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு கேட்டார்:
"அந்த ஸ்டுடியோக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்,
உனக்குத் தெரியுமா?"