தலைக்கு நூற்றைம்பது

தலைக்கு நூற்றைம்பது பெசோ.
டீசல் தனி.

சனிக்கிழமை விடியுமுன்
பட்நோங்கோன் சந்தை வாசலில் நிற்பார்கள்
அறுபது தாண்டியவர்கள்,
அரசுக் காப்பீட்டு அட்டையைக்
கழுத்தில் தொங்கவிட்டபடி.
என் ஜீப்னியில் பதினெட்டுப் பேர் உட்காரலாம்.
நான் இருபத்துமூன்று ஏற்றினேன்.

முன் இருக்கையில் ஃபெலிசிசிமா,
உப்பு விற்கிறவள்.
"எனக்கென்ன கண்ணுக்கு, ரொடேலியோ?
அதோ அந்த வளைந்த தென்னையில்
எத்தனை காய், சொல்லட்டுமா?"
சொன்னாள்: பதினொன்று.
நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மருத்துவமனையில் கோழிக்கறிச் சோறு,
ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி,
கட்டைவிரலுக்கு ஊதா மை.
டாக்டர் வில்யாருஸ் எல்லோரையும்
அம்மா என்பார், அப்பா என்பார்.
ஒரு காலையில் நாற்பது கண்கள்.
அவருக்குக் கை வலித்து நான் பார்த்ததில்லை,
பில் எழுதுகிற பெண்தான்
விரல்களை உதறிக்கொள்வாள்.

திரும்பும்போது
கடல் இருந்த பக்கம் கட்டுப் போட்டிருந்தாள் ஃபெலிசிசிமா.
வழியெல்லாம் பேசவில்லை.
மயக்க மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொள்வது எளிதாக இருந்தது.

இப்போது அவள்
ஒரு பெசோவையும் ஐந்து பெசோவையும்
நகத்தால் தடவித்தான் பிரிக்கிறாள்.
வாங்குகிறவர்கள் நல்லவர்கள்,
எல்லோரும் அல்ல.

போன மாதம் எனக்கொரு கடிதம்,
காப்பீட்டு அலுவலகத்திலிருந்து.
என் இரண்டு கண்களிலும் புரை நீக்கப்பட்டதாம்,
மார்ச் பன்னிரண்டு, காலை பத்து நாற்பது,
முப்பத்திரண்டாயிரம் கொடுத்தாயிற்றாம்,
நலமா என்று கேட்டிருந்தார்கள்.
பத்து நாற்பதுக்கு நான்
மருத்துவமனைப் பின்புறம் மாமர நிழலில்
வண்டி கழுவிக்கொண்டிருந்தேன்.
ஓட்டுநர் பதிவுக்கென்று என் அட்டையை
நகலெடுத்தது அந்தப் பெண்தான்.

விசாரணைக்கு வந்தவர் சின்னப் பையன்,
சட்டைப் பையில் மூன்று பேனா.
"நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா?"
தாளில் உள்ளபடி, தம்பி,
அன்று எனக்குக் கண்ணே தெரியாது.
அவன் சிரிக்கவில்லை.
நானும்.

இருக்கைக்கு அடியில் நோட்டு இருக்கிறது.
ஒவ்வொரு சனிக்கிழமையும், எத்தனை தலை,
எத்தனை நூற்றைம்பது,
எல்லாம் என் கையெழுத்தில்.
அவன் நாளை மறுபடி வருகிறான்.

இன்று ஃபெலிசிசிமாவைச் சந்தைக்கு ஏற்றி வந்தேன்,
காசு வாங்கவில்லை.
வளைந்த தென்னை வந்ததும் வேகம் குறைத்தேன்.
"எத்தனை இருக்கிறது?" என்றாள்.
முதல்முறையாக எண்ணினேன்.
ஏழு.

பதினொன்று என்றேன்.